காதுக்கு எழுதுவது, கைப்பேசிக்கு எழுதுவது

டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமியின் குரலில் ஆகாசவாணிச் செய்தி வந்த காலத்தில், வானொலிக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு. ஒருவர் சவரம் செய்துகொண்டிருப்பார், ஒருவர் இட்லி ஊற்றிக்கொண்டிருப்பார். ஒரு சொல் தவறினால் தவறியதுதான். பத்திரிகையைப் போல மேல் வரிக்குத் திரும்ப முடியாது. ஒலிபரப்புக்கு எழுதப் பழகுகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த அரைக்கவனத்தைத்தான்.

தமிழில் இது கொஞ்சம் கூடுதல் சிக்கல். வினை கடைசியில்தான் வரும். ‘நீலகிரி மாவட்டத்தில் மூன்று நாட்களாகப் பெய்துவரும் கனமழையால் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டுள்ளதைக் கருத்தில்கொண்டு மாணவர்களின் பாதுகாப்புக்காக நாளை பள்ளிகளுக்கு விடுமுறை அளிக்கப்படுவதாக ஆட்சியர் தெரிவித்துள்ளார்’ என்று ஒரு வாக்கியம் வைத்துக்கொள்வோம். அச்சில் இது ஓடிவிடும். வாசித்தால், விடுமுறை வருவதற்குள் கேட்பவர் மண்சரிவிலேயே நின்றுவிடுவார். வாசிப்பவருக்கு மூச்சும் முட்டும். வானொலிக்கு இதை உடைக்க வேண்டும்: ‘நீலகிரி மாவட்டத்தில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை. ஆட்சியர் இதை அறிவித்திருக்கிறார். அங்கே மூன்று நாட்களாகக் கனமழை. பல இடங்களில் மண் சரிந்திருக்கிறது.’

குற்றச்சாட்டு என்றால் இன்னும் கவனம் தேவை. ‘டெண்டரில் ஊழல் நடந்திருக்கிறது’ என்று தொடங்கி, சொன்னவர் பெயரைக் கடைசியில் வைத்தால், நிலையமே தீர்ப்பு சொன்னது போலாகிவிடும். சொன்னவர் முதலில், சொன்னது பிறகு. பெரிய எண்களைக் காதுக்கு ஏற்பச் சுருக்கலாம்: 1,98,740 பேர் என்பது ‘ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர்’. ஆனால் தேர்தலில் மூன்று ஓட்டு வித்தியாசம் என்றால் மூன்றுதான்! ‘பலி’யும் ‘பழி’யும் பல வாய்களில் ஒன்றாகவே ஒலிப்பதால், ‘உயிரிழந்தார்’ என்று எழுதிவிடுவது பாதுகாப்பு. தொலைக்காட்சியில் தெருவெல்லாம் தண்ணீர் ஓடுவது தெரிகிறது. அதையே வாயாலும் சொல்வது வீண். எந்த ஊர், எத்தனை குடும்பங்கள் என்று படத்தில் இல்லாததைச் சொல்ல வேண்டும்.

1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. சேவை இணையத்திலும் காணொளியிலும் தொடர்கிறது. இடம் மாறினால் எழுத்தும் மாறியாக வேண்டும்.

வானொலியில் நன்றாக ஓடிய அந்த ‘நாளை’ இணையத்தில் வம்பு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் பழைய விடுமுறைச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, பெற்றோர் குழம்புகிறார்கள். மாவட்டம், தேதி, எந்த வகுப்பு வரை என்பதெல்லாம் தலைப்பிலேயே இருந்தால், திறக்காதவருக்கும் விஷயம் போய்ச் சேரும். ‘நாளை விடுமுறை: எந்த மாவட்டம் தெரியுமா?’ என்ற தலைப்பு கிளிக் வாங்கும். காலை ஆறு மணிக்குப் பிள்ளையை எழுப்பலாமா வேண்டாமா என்று தவிக்கும் தாயிடம் விளையாடுகிற வேலை அது.

தவறு நேர்ந்தால் வானொலி அடுத்த செய்தியறிக்கையில் வாய்விட்டுத் திருத்த வேண்டும். இணையத்திலோ சத்தமில்லாமல் மாற்றிவிட முடியும். அதனால்தான் பொறுப்பான செய்தித்தளங்கள் எது, எப்போது திருத்தப்பட்டது என்று செய்தியின் அடியிலேயே குறிக்கின்றன.