பழைய லேப்டாப்புக்குப் புதிய விண்டோஸ் வேண்டுமா?

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து, பத்தாண்டுக்கும் சற்று அதிகமாக ஓடிய இயங்குதளம் அது. ஆதரவு நின்றதால் எந்த லேப்டாப்பும் மறுநாள் காலையில் திறக்காமல் போய்விடவில்லை. வேர்டு திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது, பிரின்ட் வருகிறது. நின்றுபோனது மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தாம். இனிமேல் விண்டோஸ் 10இல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் பொதுவாக அடைபடாமலே கிடக்கும்.

அடைபடாத ஓட்டை என்ன செய்யும் என்பதைச் சென்னை 2017இல் பார்த்தது. அந்த ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளைத் தேடித்தேடி, மே மாதம் வானாக்ரை என்ற பணம்பறிக்கும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் அதில் சிக்கியது. ஆதரவு முடிந்து மூன்றாண்டாகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் தரவேண்டி வந்தது. அது விதிவிலக்கு. அடுத்த முறையும் அப்படித் தருவார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

ஆகவே விண்டோஸ் 10 உள்ள லேப்டாப்பை என்ன செய்வது என்பது இப்போது வீட்டுக்கு வீடு எழும் கேள்வி. புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, வியாசர்பாடி போன்ற பகுதிகளில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. இங்கே லேப்டாப் என்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ரிச்சி தெருவில் வாங்கிய பயன்படுத்தப்பட்ட லேப்டாப் ஒன்று. அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் மற்றொன்று. அண்ணனுக்கு வந்ததைத் தம்பி கல்லூரிக்குக் கொண்டுபோவதும், அதிலேயே அப்பாவின் பி.எஃப். விண்ணப்பம் போவதும் சாதாரணம். ஒரே கருவியில் வங்கிக் கணக்கும் வகுப்புப் பாடமும் சேர்ந்திருக்கும் வீட்டில் பாதுகாப்பைத் தள்ளிப்போட முடியாது.

அரசு லேப்டாப்பின் கதையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, 2019-20 வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு வழங்கியது. தொடக்கத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7, கூடவே பாஸ் லினக்ஸ். கடைசி ஆண்டுகளில் வந்த சில லெனோவா மாடல்களில் ஏஎம்டியின் ஏ4 வகைச் செயலி. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. அவற்றில் விண்டோஸ் 10க்கு மாறியவை இன்று இரண்டாவது முறையாக அதே இடத்தில் வந்து நிற்கின்றன. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அரசு அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. புதுக் கருவி கிடைத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பழையதை வைத்திருப்பவர்களுக்குத்தான்.

முடிவெடுக்க முதலில் பார்க்கவேண்டியது லேப்டாப்பின் வயதை அல்ல, செயலியின் தலைமுறையை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்று போனால் செயலியின் பெயர் இருக்கும். இன்டெல் கோர் வரிசையில் ஐ5-8250யு என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8 என்பதே தலைமுறை. ஐ5-7200யு என்றால் ஏழாவது. ஐ3-10110யு என்றால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் பத்தாவது. விண்டோஸ் 11க்கு எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஏஎம்டியில் ரைசன் 3000 வரிசை முதல் பொதுவாகத் தேறும். ஏ4, ஏ6, இ1, இ2 என்று தொடங்கும் பழையவை தேறா. பென்டியம், செலரான் பெயர்களில் தலைமுறை வெளிப்படையாகத் தெரியாது. அவற்றுக்கு மைக்ரோசாஃப்டின் பட்டியலைப் பார்க்கவேண்டும், அல்லது பிசி ஹெல்த் செக் என்ற அவர்களுடைய இலவச மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். அது தேறும், தேறாது என்பதோடு எதனால் தேறவில்லை என்பதையும் சொல்லிவிடும்.

இந்த எட்டு என்ற எல்லைக்கோடு ஓரளவுக்கு நிறுவனமே போட்டுக்கொண்டதுதான். ஏழாவது தலைமுறையைச் சேர்ந்த ஐ7-7820எச்க்யூ செயலியை மைக்ரோசாஃப்ட் 2021இல் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அந்த நிறுவனமே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல் இருப்பது அந்தச் செயலி! மற்றபடி காரணமே இல்லாத கோடும் அல்ல. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. டிஸ்கைப் பூட்டும் சாவி போன்ற ரகசியங்களை மற்ற நிரல்களின் கைக்கு எட்டாமல் அது வைத்துக்கொள்ளும். சில லேப்டாப்புகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கும். செயலி தகுதியாக இருந்து டிபிஎம் மட்டும் இல்லை என்று காட்டினால், பயாஸில் போய் அதைத் திறந்துவிட்டாலே விஷயம் முடிந்தது. இதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பயன்படுத்திய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த எண் பெரிய செய்தி. கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எலைட்புக் 840 ஜி3இல் ஆறாம் தலைமுறை, லாட்டிட்யூட் 7490இல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை. விலை வித்தியாசம் சொற்பமாக இருக்கும்போது ஆறாம், ஏழாம் தலைமுறையை வாங்குவது லாபமில்லை. கடைக்காரர் விண்டோஸ் 11ஐப் போட்டே திறந்து காட்டுவார். திரையில் ஓடுவதாலேயே அந்த லேப்டாப் தகுதி பெற்றதாக ஆகிவிடாது.

தகுதியில்லாத கருவியிலும் விண்டோஸ் 11ஐ ஏற்ற வழி இருக்கிறது. ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள் பென்டிரைவ் தயாரிக்கும்போதே இந்தச் சோதனைகளை நீக்கிவிடும். ஏற்றிய பிறகு மாதாந்திரத் திருத்தங்கள் இப்போதைக்கு வரவும் செய்கின்றன. ஆனால் தகுதியில்லாத கருவிகளுக்குத் திருத்தம் தரும் பொறுப்பு தங்களுக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. மறுபடி கையால்தான் ஏற்றவேண்டும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பு, கோர் 2 டுவோ போன்ற மிகப் பழைய செயலிகளில் திறக்கவே திறக்காது. அது கேட்கும் ஒரு கட்டளை அந்தச் செயலிகளில் கிடையாது. படிப்பதற்கும் விளையாட்டுக்கும் மட்டும் பயன்படும் லேப்டாப்பில் இந்தக் குறுக்குவழியைச் சோதித்துப் பார்க்கலாம். கடைக் கணக்கும் வங்கிக் கணக்கும் உள்ளதில் வேண்டாம்.

இயங்குதளத்தைப் பற்றிய பேச்சில் பலரும் தவறவிடுவது ஹார்டு டிஸ்கை. "லேப்டாப் ஸ்லோவாக இருக்கிறது, புது ஓஎஸ் போடவேண்டும்" என்று கடைக்கு வருகிறவர்களில் கணிசமானவர்களின் பிரச்சினை ஓஎஸ்ஸே அல்ல. பழைய ஹார்டு டிஸ்கில் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின்மேல் ஒரு முள் அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேடவேண்டும். விண்டோஸ் 10உம் 11உம் பின்னணியில் ஓயாமல் சின்னச் சின்னக் கோப்புகளைப் படிப்பவை. அந்த முள்ளால் ஈடுகொடுக்க முடியாது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாற்றி, ரேமை 8 ஜிபி ஆக்கினால், மூன்று நான்கு நிமிடம் எடுத்துத் திறந்த லேப்டாப் அரை நிமிடத்துக்குள் திறக்கும். பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவுகளில் பலன் கண்ணுக்குத் தெரிவது இது ஒன்றில்தான். ரேம் வாங்குமுன் டிடிஆர்3ஆ, டிடிஆர்4ஆ என்று பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது. 2025இன் பிற்பகுதியில் தொடங்கி ரேம், எஸ்எஸ்டி விலைகள் ஏறியிருப்பதால், போன வருடம் நண்பர் சொன்ன விலையை நம்பிப் போகக்கூடாது.

எஸ்எஸ்டியோடு எந்த ஓஎஸ் என்பதற்கு வருவோம். செயலி தேறுகிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. விண்டோஸ் 10 உரிமம் உள்ள கருவிக்கு 11 இலவசம். தேறவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, விண்டோஸ் 10லேயே கொஞ்ச காலம் தங்குவது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கட்டணம் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்த் தொகை. செட்டிங்ஸ் விவரங்களை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் பணமில்லாமலே கிடைக்கும். 22எச்2 பதிப்பு இருக்கவேண்டும். இது தவணை நீட்டிப்புதான், தீர்வு அல்ல.

இன்னொன்று லினக்ஸ். தமிழ்நாட்டு அரசுக்கு இது புதிதல்ல. சி.உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே அந்த நிறுவனம் லினக்ஸுக்கும் ஓபன்ஆபீஸுக்கும் மாறத் தொடங்கியது. பாஸ் என்பது சிடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய லினக்ஸ். அரசு லேப்டாப்பில் அது இருந்தும், பெரும்பாலான மாணவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் விண்டோஸுக்கே போனார்கள். பாஸில் குறையென்று சொல்வதைவிட, சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பதே சரி. இன்று நிலைமை வேறு. முக்கால்வாசி வேலை பிரவுசருக்குள்ளேயே முடிகிறது. கூகுள் கிளாஸ்ரூம், டிஜிலாக்கர், வங்கித் தளம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் எல்லாம் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ இருந்தால் போதும்.

4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருத்தமானது. மின்டின் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 32 பிட் செயலி என்றால் மின்ட் 22உம் கிடையாது. டெபியன் 12 போன்ற சிலவே மிச்சம். தமிழ் தட்டச்சு கவலையாக இருக்கவேண்டியதில்லை. தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் ஐபஸ் வழியாகக் கிடைக்கின்றன. லினக்ஸின் பெரிய வசதி, போடாமலே பார்த்துவிடலாம். பென்டிரைவிலிருந்து ஓட்டி, வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா என்று சோதித்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவை உருவிவிடலாம். பிராட்காம் வைஃபை உள்ள லேப்டாப்புகள் முதலில் சற்று முரண்டு பிடிக்கும்.

லினக்ஸ் எல்லோருக்கும் ஆகாது. டிடிபி சென்டர்களில் பேஜ்மேக்கரும் பாமினி, வானவில் எழுத்துருக்களும் இன்னும் ஓடுகின்றன. அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டாலும், கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் இன்றும் பழைய எழுத்துருவில்தான் வருகின்றன. டாலியில் ஜிஎஸ்டி கணக்கு வைக்கும் கடைகளுக்கும் விண்டோஸே கதி. ராயபுரம், மண்ணடி பக்கம் துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க ஆவணம் தாக்கல் செய்யும் அலுவலகங்களில் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருக்கும். அதற்கான டிரைவர் எந்த ஓஎஸ்ஸில் கிடைக்கிறது என்று பார்க்காமல் கைவைத்தால் வேலை அப்படியே நின்றுவிடும். ஜெராக்ஸ் கடைகளில் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரின்டரும் லினக்ஸில் எளிதில் வசப்படாது. இப்படிப்பட்ட இடங்களில் இரண்டே வழி: தகுதியுள்ள கருவிக்கு மாறுவது, அல்லது பழைய கணினியை இணையத்திலிருந்து பிரித்து டிடிபி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. பேஜ்மேக்கருக்கு இணையம் தேவையில்லை. பிரித்துவைத்தால் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

எந்த வழியாக இருந்தாலும் ஃபார்மட் அடிக்குமுன் டேட்டாவை வெளியே எடுத்துவைக்கவேண்டும். டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்புகள் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதும், ஃபார்மட்டில் அவைதான் முதலில் போகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் புளியந்தோப்பின் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது நினைவிருப்பவர்களுக்கு, கோப்புகளுக்கு இன்னொரு பிரதி ஏன் என்று விளக்கத் தேவையில்லை. விண்டோஸ் 11 நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கும் மேல். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் செல்போன் டேட்டாவில் அதை இறக்க முடியாது. வைஃபை உள்ள இடத்தில் பென்டிரைவில் இறக்கிக்கொள்வது நல்லது. பேட்டரி செத்த லேப்டாப்பில் பாதியில் கரன்ட் போனால் நிறுவல் கெடும், பயாஸ் அப்டேட் நடுவே போனால் மதர்போர்டே போய்விடலாம். பேட்டரி உப்பியிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைக் கழற்றவேண்டும். உரிமம் இல்லாத விண்டோஸை கிராக் போட்டுத் திறந்துதர ஆள் எங்கும் கிடைக்கும். பாதுகாப்புக்காக ஓஎஸ் மாற்றிவிட்டு, யாரோ எழுதிய கிராக்குக்கு நிர்வாக உரிமையைக் கொடுப்பதுபோல் வீண்வேலை வேறில்லை.

2 ஜிபி ரேமும், அதற்குமேல் ஏற்ற முடியாத மதர்போர்டும், உடைந்த கீலும் உள்ள லேப்டாப்புக்கு ஒரு ரூபாயும் போடவேண்டாம். அதை விற்பதாக இருந்தால் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு விற்கவேண்டும். கழற்றிய டிஸ்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டால், அடுத்த லேப்டாப்புக்குப் பேக்கப் டிஸ்க் தயார்.