தட்டாதய்யா, தம்பி!

எங்கள் ஊர் சுந்தரபாண்டியபுரம். ஆடி மாதம் சூரியகாந்தி பூத்தால் போதும். போட்டோ எடுக்க வருகிறவர்கள் வயலுக்குள் இறங்கிச் செடியை மிதித்து விடுவார்கள். அவர்களைத் திட்டாத நாளில்லை. போன பொங்கல் லீவில் நானே திட்டு வாங்கினேன்!

பிள்ளைகளோடு நெல்லை மாவட்டம் கூந்தன்குளம் போயிருந்தோம். 1994ல் பறவைகள் சரணாலயமான ஊர். குளத்தில், இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள். ஊருக்குள், வீட்டு மரங்களில் எல்லாம் மஞ்சள் மூக்கு நாரைக் கூடுகள். எச்ச நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. ஊரார் முகம் சுளிப்பதில்லை. பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கு வெடிகூட போடுவதில்லையாம்.

நாரை பறப்பதைப் படமெடுக்கும் ஆசையில், "கையைத் தட்டுடா" என்றேன் மகனிடம். அவன் தட்டியதும், எதிர்வீட்டு ஆச்சி ஓடி வந்தார். "தட்டாதய்யா தம்பி! தாய் பறந்துட்டா காக்கா முட்டையத் தூக்கிட்டுப் போயிரும்லா!"

"அம்மாதான் தட்டச் சொன்னாங்க" என்று போட்டுக் கொடுத்தான் பிள்ளை. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. ஆச்சியோ சிரித்துக் கொண்டே திண்ணையில் உட்காரச் சொன்னார். "பேசாம இருங்க தாயி, அதுவா பறக்கும்."

அரைமணி நேரம் கழித்து, இரையோடு வந்து இறங்கியது ஒரு நாரை. ஒரே ஒரு படம். அதுவும் லேசாக ஆடியிருக்கிறது. அதைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

- ஒரு வாசகி, சுந்தரபாண்டியபுரம்.