குழந்தையை நம்பி விடும் இடம்: அதன் தரத்தை அறிவது எப்படி?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் குழந்தைக்கு மருந்துச் சீட்டு, உணவுக் குறிப்பு, மறுபரிசோதனைத் தேதி ஆகியவற்றை மருத்துவமனை எழுதித் தருகிறது. அக்குழந்தையின் பகல்பொழுது எங்கே கழியப்போகிறது என்பதை அச்சீட்டில் யாரும் எழுதுவதில்லை. ஆஸ்துமா உள்ள மூன்று வயதுச் சிறுவன் நாள்தோறும் பல மணி நேரம் புகையும் தூசும் நிறைந்த அறையில் அமர்ந்திருந்தால், வேளை தவறாது கொடுத்த மருந்தின் பயனும் குறைந்துபோகும். எடை குறைவாகப் பிறந்து மெல்லத் தேறிவரும் குழந்தை, கைகழுவத் தண்ணீர் இல்லாத மையத்தில் உண்டால் வயிற்றுப்போக்கோடு மீண்டும் இங்கேயே வரக்கூடும்.

பெரியவர்களின் சிகிச்சைக்கும் இதில் தொடர்பு உண்டு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வரவேண்டிய இளம் தாயும், படுக்கையிலிருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “அதுவரை பிள்ளையை யாரிடம் விடுவது?” அதற்கு நம்பத்தகுந்த விடை கிடைக்காதபோது சிகிச்சை தள்ளிப்போகிறது.

திருவேங்கடமுடையான் திருக்கோயிலாலும் இசைமேதை இராமானுஜ ஐயங்காராலும் பெயர்பெற்ற அரியக்குடியிலும், காரைக்குடியைச் சூழ்ந்த ஏனைய ஊர்களிலும், ஒரு காலத்தில் இக்கேள்விக்கு வீட்டுக்குள்ளேயே விடை இருந்தது. வளவைச் சுற்றி அமைந்த பெரிய வீட்டில் அப்பத்தாவோ ஆயாவோ குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். இன்று அவ்வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் சிறு குடும்பங்கள் பெருகிவிட்டன. நகரத்தார் வீடுகளில் தாயைப் பெற்றவரை ஆயா என்பர். பால்வாடியில் குழந்தைக்குச் சோறூட்டும் உதவியாளரையும் ஊர் ஆயா என்றே அழைக்கிறது. வீட்டு ஆயாவைப் பற்றி நாம் விசாரிக்க வேண்டியதில்லை. மையத்தையும் மையத்து ஆயாவையும் எதைக் கொண்டு அறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அனுமதியும் தர அங்கீகாரமும்

மருத்துவமனைக்கு வருவோர் சுவரில் இருவகைச் சான்றுகளைக் காண்பதுண்டு. ஒன்று, மருத்துவமனை நடத்த அரசு தரும் பதிவுச் சான்று. மற்றொன்று, இந்தியத் தர மன்றத்தின் கீழ் இயங்கும் என்.ஏ.பி.எச். போன்ற அமைப்பு தரும் தர அங்கீகாரம். முன்னது, இன்றியமையாத குறைந்தபட்ச நிபந்தனைகள் நிறைவேறியுள்ளன என்று சொல்கிறது. பின்னது, வகுக்கப்பட்ட தரநிலைகளோடு அன்றாடப் பணியை வெளியார் ஒப்பிட்டுப் பார்த்துள்ளனர் என்று சொல்கிறது. இதே வேறுபாடு மழலையர் மையங்களுக்கும் பொருந்தும்.

அனுமதி ஏன் முக்கியம் என்பதைத் தமிழ்நாடு பெருந்துயரத்தின் வாயிலாக அறிந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. கூரை, வெளியேறும் வழி, படிக்கட்டின் அகலம், சமையலிடத்தின் தொலைவு ஆகியவை உயிர் காக்கும் செய்திகள் என்பதை அதன் பிறகு எவரும் மறுக்க இயலவில்லை. தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்றே 2015ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. ஆகவே தனியார் மையத்தில் குழந்தையைச் சேர்க்கும்போது, நடைமுறையில் உள்ள அனுமதிச் சான்றைக் காட்டும்படி கேட்பது பெற்றோரின் உரிமை.

தர அங்கீகாரம் என்பது இதற்கு அடுத்த படி. அமெரிக்காவில் என்.ஏ.இ.ஒய்.சி. எனப்படும் இளஞ்சிறார் கல்விச் சங்கம் 1985ஆம் ஆண்டு முதல் இதனை நடத்திவருகிறது. குழந்தைகளோடு உறவு, பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, வளர்ச்சியை மதிப்பிடல், உடல்நலம், ஆசிரியர் தகுதி, குடும்பத்தோடு உறவு, சமூகத்தோடு உறவு, கட்டடமும் சூழலும், நிருவாகம் எனப் பத்துத் தரநிலைகளை அது வகுத்துள்ளது. மையம் முதலில் தன்னைத் தானே ஆராய்ந்து பதிவு செய்ய வேண்டும். பின்னர் மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்ப்பார். ஒருமுறை பெற்ற அங்கீகாரம் காலத்துக்கும் நிற்பதில்லை. குறித்த ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பெற வேண்டும். இப்பட்டியலில் கட்டடம் பத்தில் ஒன்றாகவே இருப்பதும், குழந்தையோடு உறவு தலைமையிடம் பெற்றிருப்பதும் கருதத்தக்கவை.

நம் நாட்டில் நடந்தவை

மழலையர் பராமரிப்பு நமக்கு அயலிலிருந்து வந்த சிந்தனை அன்று. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு பள்ளிமுன் பருவக் குழந்தைகளின் நிலைபற்றி 1972ஆம் ஆண்டில் தந்த அறிக்கை, பின்னாளைய திட்டங்களுக்கு வழிகாட்டிற்று. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மார்க்கு நலக்கல்வி என்னும் ஆறு பணிகளை ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்ததே அதன் சிறப்பு. அங்கன் என்னும் இந்திச் சொல் வீட்டு முற்றத்தைக் குறிக்கும். முற்றத்தில் வளரும் தோட்டம் என்பதே அங்கன்வாடி. வளவு கண்ட செட்டிநாட்டாருக்கு இச்சொல்லின் பொருள் எளிதில் விளங்கும். தமிழ்நாட்டில் 1982 ஜூலை முதல் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிக் குழந்தைகளோடு இரண்டு வயது முதலான மழலையர்க்கும் சோறிட்டது. இன்று மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன.

மையங்கள் பெருகியபின், அவற்றின் தரத்தை எவ்வாறு அளப்பது என்னும் கேள்வி எழுந்தது. அமெரிக்கரான தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபர்டு ஆகியோர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உலகின் பல நாடுகளில் பயன்பட்டுவந்தது. சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அதனை நம் மாநிலத்தின் சூழலுக்கேற்ப மாற்றி அமைத்தது. பாயில் அமரும் குழந்தைகள், ஒரே அறையில் பல வயதினர், மையத்திலேயே சமையல் என நம் நிலைமைகளுக்குப் பொருந்தும் அளவுகோல் தேவைப்பட்டது. தரத்தைப் பற்றிப் பொத்தாம்பொதுவாகப் பேசாமல், கண்டதைக் குறித்து மதிப்பெண் இடலாம் என்பதை அம்முயற்சி காட்டிற்று.

எண்ணிப் பார்க்கக்கூடிய தரம்

2013ஆம் ஆண்டின் தேசிய இளஞ்சிறார் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, விட்டுக்கொடுக்க இயலாத சில அடிப்படைகளை வகுத்துரைத்தது. அவற்றைப் பெற்றோர் தாமே எண்ணியும் அளந்தும் பார்க்கலாம்.

முப்பது குழந்தைகளுக்கு வகுப்பறை 35 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. அதாவது ஏறத்தாழ 377 சதுர அடி. ஒரு குழந்தைக்கு ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட ஒரு பாயின் பரப்பு கிடைக்கும். வெளியே ஓடியாட இன்னும் 30 சதுர மீட்டர் இடம் வேண்டும்.

மூன்று முதல் ஆறு வயதுவரை 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவரும், மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பெரியவரும் இருக்க வேண்டும். எந்நேரத்திலும் குழந்தைகளைத் தனியே விடலாகாது.

அன்றாட நிகழ்ச்சி மூன்று முதல் நான்கு மணி நேரம் அமைய வேண்டும். கற்பித்தல் தாய்மொழியில், வயதுக்கேற்ப, குழந்தையை மையமாகக் கொண்டு நடைபெற வேண்டும். பாதுகாப்பான கட்டடம், தூய குடிநீர், ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, கைகழுவும் வசதி, சமையலுக்கும் உறக்கத்துக்கும் தனியிடம், விளையாட்டுப் பொருள்கள், முதலுதவிப் பெட்டி ஆகியவையும் வேண்டும்.

இவற்றுள் பணியாளர் விகிதத்தை முதலில் பாருங்கள். அங்கன்வாடி மையத்தில் பொதுவாக ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் உள்ளனர். பாடம் சொல்வதோடு எடை பார்த்தல், பதிவேடு எழுதுதல், வீடுதோறும் செல்லுதல், கூட்டங்களில் கலந்துகொள்ளுதல் ஆகியனவும் அப்பணியாளரின் கடமைகளே. அவர் வெளியே செல்லும் நாளில், சமைத்துக்கொண்டே குழந்தைகளையும் கவனிக்கும் சுமை உதவியாளர் மீது விழுகிறது. தரக்குறைவு காணப்படும் இடத்தில் அதன் காரணம் பெரும்பாலும் பணிச்சுமையே. பணியாளரைக் கடிந்துகொள்வதால் அது தீராது. கூடுதல் பணியாளருக்காக ஊரார் எழுப்பும் குரலே பயன்தரும்.

நோயிலிருந்து மீளும் குழந்தைக்கு

உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ப்புப் பராமரிப்புக் கட்டமைப்பு, நல்ல உடல்நலம், போதிய ஊட்டம், குறிப்பறிந்து பேணுதல், பாதுகாப்பு, தொடக்கக் கற்றல் வாய்ப்பு என ஐந்தையும் பிரிக்கவியலாதனவாகக் கூறுகிறது. நோயுற்ற குழந்தையை எல்லாம் சரியாகும்வரை வீட்டிலேயே வைத்திருப்பது சில வேளைகளில் தேவை. மருத்துவர் இசைந்த பின்னும் அச்சத்தால் வைத்திருந்தால், பேச்சும் விளையாட்டும் தோழமையும் அக்குழந்தைக்குக் கிடைக்காமற்போகும்.

மையத்தில் விடும் முன்னர்ச் சில ஏற்பாடுகள் வேண்டும். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் நேரம், ஆபத்துக்கால அறிகுறிகள், அழைக்க வேண்டிய இரு தொலைபேசி எண்கள் ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அத்தாளின் ஒரு படி மையத்தில் இருக்கட்டும். இயன்றவரை மருந்து வேளைகள் வீட்டிலேயே அமையுமாறு மருத்துவரைக் கலந்து திட்டமிடலாம்.

வலிப்பு வரக்கூடிய குழந்தையாயின், பணியாளரோடு உதவியாளரும் முதலுதவியை அறிந்திருக்க வேண்டும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது. கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. நேரத்தைக் கணக்கிட்டு, ஐந்து நிமிடத்தைக் கடந்தால் தாமதமின்றி 108 எண்ணை அழைக்க வேண்டும்.

மைய உணவில் முட்டை உண்டு. முட்டையோ வேறு உணவோ ஒவ்வாத குழந்தையாயின் முதல் நாளிலேயே தெரிவியுங்கள். அம்மை கண்ட குழந்தையைக் கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அனுப்பவேண்டாம். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்ளும் குழந்தைகளும் அதே அறையில் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அங்கன்வாடியில் இன்னொரு நன்மையும் உண்டு. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் அக்குழு ஆராய்ந்து, தேவைப்படுவோரை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துக் கவனிப்பதற்கான தேசிய வழிமுறையும் 2023 நவம்பரில் வெளிவந்துள்ளது. “இவனை இங்கே பார்த்துக்கொள்ள முடியாது” என்று யாரேனும் சொன்னால், அதுவே முடிவு என்று எண்ணித் திரும்பிவிட வேண்டாம்.

நேரில் பார்க்க வேண்டியவை

சான்றிதழ் சுவரில் இருக்கும்; தரம் அறையில் நிகழும். ஆகவே சேர்க்கும் முன் முற்பகலில் ஒரு மணி நேரம் மையத்தில் அமர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள்.

அழும் குழந்தையிடம் யாரேனும் செல்கிறார்களா? பெரியவர் குனிந்து அல்லது அமர்ந்து, குழந்தையின் முகம் பார்த்துப் பேசுகிறாரா? விளையாட்டுப் பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளனவா, பூட்டிய அலமாரியில் உள்ளனவா? மூன்று வயதுக் குழந்தைகளை எழுத்துப் பயிற்சிக்காக நெடுநேரம் அமர்த்தி வைத்திருக்கிறார்களா? உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவுகிறார்களா? அடுப்பு குழந்தைகளின் நடமாட்டத்திலிருந்து விலகி உள்ளதா? தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா? ஊருணிகள் நிறைந்த நம் பகுதியில், வாயிற்கதவு தாழிடப்பட்டிருப்பதும் கட்டாயம் காணவேண்டியது. யார் வந்தால் குழந்தையை அனுப்புவார்கள் என்று கேளுங்கள். “தெரிந்தவர் வந்தால் அனுப்புவோம்” என்பது போதிய விடையன்று. பெயர் எழுதிய பட்டியல் இருக்க வேண்டும்.

குழந்தை துன்புறுத்தப்படுவதாக ஐயம் எழுந்தால் 1098 என்னும் சிறார் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். சிறு குறைகளை முதலில் மையத்தினரிடமே அமைதியாகச் சொல்லுங்கள். திருந்தாவிட்டால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்து வடிவில் தெரிவியுங்கள்.

இங்குச் சிகிச்சை பெறும் நாள்களில் உங்கள் பிள்ளை எங்கே, யாருடைய கண்காணிப்பில் இருக்கிறது என்பதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ தயங்காமல் கூறுங்கள். சிகிச்சை நேரத்தைக் குறிக்கவும், குழந்தைக்கான மருந்துக் குறிப்பை எழுதித் தரவும் அச்செய்தி அவர்களுக்குத் தேவைப்படும்.