விரலிடுக்கில் தொடங்கும் காய்ச்சல்

ஐப்பசியில் சேத்தியாத்தோப்பைச் சுற்றி எங்கு பார்த்தாலும் சேறுதான். வெள்ளாற்று அணைக்கட்டில் தண்ணீர் நிற்கும், வீராணம் நிறைந்துகொண்டிருக்கும், சம்பா வயல்களில் களையெடுப்பு நடக்கும். யானைக்கால் உள்ளவர்களுக்குக் காய்ச்சல் அடிக்கடி வருவதும் இந்த மழைக்காலத்தில்தான். முதலில் குளிர் தூக்கிப்போடும். தொடையிடுக்கில் நெறி கட்டும். சில மணி நேரத்தில் கால் சிவந்து கொதிக்கும், போர்வை பட்டாலே வலிக்கும். ஏற்கெனவே வீங்கிய கால் இன்னும் வீங்கும். "அமாவாசை வருதுல்ல, அதான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பல தலைமுறையாக இந்தக் காய்ச்சலுக்கு நிலவின் மீதுதான் பழி.

ஒரு தடவை வந்தால் மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆளைக் கிடத்திவிடும். களையெடுக்கப் போகிறவருக்கும், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவருக்கும் அத்தனை நாள் கூலியும் போயிற்று. காய்ச்சல் தணிந்ததும் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கால் மட்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஒவ்வொரு காய்ச்சலும் நிணநீர்க் குழாய்களை இன்னும் கொஞ்சம் கெடுத்துவிட்டுப் போகிறது. வீக்கம் கூடுகிறது, தோல் தடிக்கிறது, மடிப்பு விழுகிறது, மடிப்புக்குள் ஈரம் தங்குகிறது. அந்த ஈரத்திலிருந்து அடுத்த காய்ச்சல் கிளம்புகிறது. லேசான வீக்கம் தூண் போன்ற காலாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான், காய்ச்சல் காய்ச்சலாக.

இந்தக் காய்ச்சல் புழுவின் வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. சாக்கடையிலும் கழிவுநீர்க் குட்டையிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு, உடம்புக்குள் ஃபைலேரியா புழுவைக் கொண்டுவந்து விடுகிறது. வளர்ந்த புழு நிணநீர்க் குழாயில் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து, குழாயை விரித்துப் பழுதாக்குகிறது. அதன் பிறகு புழு செத்துப் பல வருடம் ஆனாலும் காய்ச்சல் வந்துகொண்டே இருக்கும். காரணம் பாக்டீரியா. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு, கரும்புச் சோகை கிழித்த கீறல் என ஏதோ ஒரு வாசல் கிடைத்தால் போதும். நல்ல காலில் நுழைந்தால் உடம்பு சமாளித்துவிடும். நிணநீர் ஓடாத காலில் அது பெருகிவிடுகிறது.

புழுவால் வரும் அழற்சியையும் பாக்டீரியாவால் வரும் காய்ச்சலையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் பிரேசிலின் ரெசீஃபே நகரத்து மருத்துவர் ஜெரூசா டிரேயர். புழு சாகும்போது வரும் அழற்சி, நிணநீர்க் குழாய் வழியே கயிறு போல மேலிருந்து கீழே இறங்கும். பெரும்பாலும் லேசாகவே போய்விடும். கடுங்குளிரோடு காலையே கொதிக்க வைப்பது பாக்டீரியா. 1990களில் அவரும் சகாக்களும் இதை எழுதிய காலத்திலேயே, கேரளத்தின் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஆர்.கே. ஷெனாய் குழுவினர் நோயாளிகளுக்குக் காலைக் கழுவக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நோயைத் தருவது வேறு வகைப் புழு, ஆனால் காய்ச்சல் இதே காய்ச்சல்தான். ஒழுங்காகப் பராமரித்த கால்களில் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

அந்தப் பராமரிப்பில் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. தினமும் சோப்பு போட்டு, ஆறிய தண்ணீரில், விரலிடுக்கும் தோல்மடிப்பும் விடாமல் கழுவ வேண்டும். கழுவுவதைவிட முக்கியம் துடைப்பது. மெல்லிய துணியை இடுக்குக்குள் ஒற்றி ஒற்றி ஈரம் போகும்வரை துடைக்க வேண்டும். சேற்றுப்புண் இருந்தால் பூஞ்சைக் களிம்பு. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும், வெளியே போனால் செருப்பு போட வேண்டும். வயல் சேற்றில் செருப்பு போட முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கரையேறியதும் கழுவித் துடைப்பது இன்னும் அவசியமாகிறது. வீக்கம் பெரிதாகிக் குனிய முடியாதவருக்கு வீட்டில் இன்னொருவர் துடைத்துவிட வேண்டும். வெட்கப்பட்டுக் காலைப் புடவைக்குள் மறைத்துக்கொள்ளும் பெண்களுக்கு அந்த இன்னொருவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

தமிழ்நாட்டில் நோய் பரவல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை ஊர் முழுக்கக் கொடுத்த டி.இ.சி. மாத்திரைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் போயிற்று என்று 2016இல் உலக சுகாதார நிறுவனமே உறுதிசெய்தது. இவையெல்லாம் பெரிய வெற்றிகள். ஆனால் அந்த மாத்திரை வீங்கிய காலை வடியவைக்காது. ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கு அரசு வாளி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய தொகுப்பைக் கொடுக்கிறது. மாதாந்திர உதவித்தொகை, வீக்கம் முற்றி நான்காம் நிலையை எட்டியவர்களுக்கு மட்டும். எனக்கு ஆற்றாமை இங்கேதான். முதல் நிலையிலும் இரண்டாம் நிலையிலும் இருப்பவர்களின் காய்ச்சலைத் தடுத்தால் அவர்களில் பலர் நான்காம் நிலையை எட்டவே மாட்டார்கள். நம் கவனமோ கால் முழுதாகக் கெட்ட பிறகுதான் திரும்புகிறது.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் பணியாளர் யானைக்கால் உள்ள வீட்டில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து விரலிடுக்கையும் பார்க்கட்டும், புரட்டாசியிலேயே, மழை பிடிப்பதற்கு முன். காய்ச்சல் வந்துவிட்டால் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது, உருவிவிடவும் கூடாது. ஈரத்துணி போட்டுக் காலை உயர்த்தி வைத்து, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஆன்டிபயாடிக் வாங்க வேண்டும். பேச்சு குழறினாலோ, மருந்து தொடங்கி ஒரு நாள் ஆகியும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அமாவாசை கழியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.