இரண்டு இரண்டாய்ப் பொத்தான்

‘பக்கிங்காம் அரண்மனை வாசலில் சிலைபோல நிற்பவர்கள் நிஜமான ராணுவ வீரர்களா, வேஷம் கட்டியவர்களா?’ என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர். நிஜ வீரர்கள்தான். கையிலிருப்பதும் பிரிட்டிஷ் தரைப்படையின் வழக்கமான துப்பாக்கிதான். ஆப்கானிஸ்தானில் போரிட்டுத் திரும்பியவர்களும் அங்கே காவலுக்கு நின்றிருக்கிறார்கள்.

எல்லோரும் அந்தத் தொப்பியைப் பார்ப்பார்கள். கனடாக் கருங்கரடியின் தோலில் இன்னமும் அதைத் தைக்கிறார்களே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம். நான் பார்ப்பது பொத்தான்களை. அரசரின் காலாட்காவல் படைப்பிரிவுகள் ஐந்து. சிவப்புச் சீருடையில் பொத்தான்கள் ஒற்றை ஒற்றையாக இருந்தால் கிரனேடியர், இரண்டு இரண்டாக இருந்தால் கோல்ட்ஸ்ட்ரீம், மும்மூன்றாக ஸ்காட்ஸ், நான்கு நான்காக ஐரிஷ், ஐந்து ஐந்தாக வெல்ஷ்.

இந்த வரிசையில்தான் ஒரு பழைய வம்பு. முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிய குடியரசுக்காக 1650இல் ஜார்ஜ் மங்க் திரட்டிய படை கோல்ட்ஸ்ட்ரீம். கிரனேடியரோ ஆறு வயது இளையது; நாட்டைவிட்டு ஓடி புரூஜ் நகரில் தங்கியிருந்த இரண்டாம் சார்லஸ் 1656இல் அமைத்தது. 1660இல் மங்க், ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கோல்ட்ஸ்ட்ரீம் ஊரிலிருந்து லண்டனுக்குப் படையோடு வந்து, சார்லஸ் அரியணை ஏற வழிசெய்தார். மறு ஆண்டு டவர் ஹில்லில் அவருடைய வீரர்கள் குடியரசுப் படையாக ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள்; அரசரின் படையாக அவற்றையே மறுபடி எடுத்தார்கள். அரச சேவைக்குப் பிந்தி வந்ததால் இரண்டாம் இடம்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை கிடைக்காத குடும்பம், அடுத்து நீட்டும் தாம்பூலத்தைத் தொடாது. எல்லோரும் வாங்கி முடித்தபின் கடைசியில் வந்து வாங்கிக்கொள்ளும். கோல்ட்ஸ்ட்ரீமின் ரோஷமும் அதே ரகம். ‘எவருக்கும் இரண்டாமவர் அல்லர்’ என்பது அவர்களுடைய லத்தீன் முழக்கம். அணிவகுப்பில் கிரனேடியர் வலக்கோடியில் நிற்கும். பக்கத்தில் நின்றால் இரண்டாமிடம் ஆகிவிடுமே என்று இவர்கள் இடக்கோடிக்குப் போய்விடுவார்கள். பொத்தான் மட்டும் இரண்டு இரண்டுதான்!

இவ்வளவு கதையை மார்பில் தைத்துக்கொண்டு நிற்பவர் முன்னால் போய் முகத்தைக் கோணிக்காட்டி, சிரிக்கிறாரா என்று படமெடுக்கிறார்கள் சுற்றுலாப் பயணிகள். பதில் பேச முடியாதவரைச் சீண்டுவதில் என்ன சாமர்த்தியம்? வழியை மறித்தால் அவர் அதட்டலாம். அதற்கு அனுமதி உண்டு. ஒதுங்க வேண்டியவர்கள் நாம்தான்.