படுக்காத குதிரை: நின்றபடி சரியும் குதிரைகளின் தூக்கக்குறை

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பதைக் குதிரை வளர்த்திராதவர்களும் அறிவர். ஆனால் நின்ற நிலையில் அது பெறுவது அதற்குத் தேவையான தூக்கத்தில் ஒரு பகுதியே என்பதையும், எஞ்சிய பகுதியைப் படுத்தால் மட்டுமே பெற முடியும் என்பதையும் குதிரை வளர்ப்பவர்களிலேயே பலர் கருத்தில் கொள்வதில்லை. படுக்க முடியாமலோ, படுக்கத் துணியாமலோ பல நாட்களைக் கழித்துவிட்ட குதிரை, நின்றபடி கண்ணயரும்போது முன்னங்கால்கள் மடங்கிச் சரிகிறது. முட்டி தரையில் படுவதற்குள்ளோ பட்ட பிறகோ திடுக்கிட்டு விழித்து நிமிர்கிறது. சற்று நேரத்தில் மீண்டும் சரிகிறது. இதைக் காண்பவர்கள் வலிப்பு என்றோ மயக்கம் என்றோ முடிவுசெய்து அஞ்சுகின்றனர். இவ்வாறு சரியும் வளர்ந்த குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ள குறை, படுத்துத் தூங்காத குறைதான்.

குதிரையின் தூக்கம் மனிதருடையதைப் போல ஒரே நீட்சியாக அமைவதில்லை. ஒரு நாளில் அது தூங்குவது மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான். அதுவும் சிறு சிறு துண்டுகளாகப் பகலிலும் இரவிலும் சிதறிக் கிடக்கிறது, எனினும் அதன் பெரும்பகுதி நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடைப்பட்ட நேரத்தில் விழுகிறது. 1970களின் தொடக்கத்தில் பிரான்சின் துலூஸ் நகரில் இவ் ருக்கெபுஷ் என்னும் கால்நடை உடலியலாளர் குதிரை, மாடு, செம்மறியாடு, பன்றி ஆகியவற்றின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து, கொட்டிலில் வாழும் குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் அரைத்தூக்கத்திலும், ஏறத்தாழ 2 மணி நேரம் ஆழ்தூக்கத்திலும், முக்கால் மணி நேரம் அளவுக்குக் கனவுத் தூக்கத்திலும் கழிப்பதாகக் காட்டினார். அரைத்தூக்கத்தையும் ஆழ்தூக்கத்தையும் குதிரை நின்றபடியே பெற்றுவிடும். சிக்கல் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது.

நின்றபடி உறங்க உதவும் உடலமைப்பு வியப்புக்குரியது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் உடற்பகுதி இரு முன்னங்கால்களுக்கு இடையே தசைகளாலும் அவற்றோடு பின்னிய நார்ப்படலங்களாலும் மட்டுமே தாங்கப்படுகிறது, உடல் எடையில் 60 விழுக்காடு அளவு முன்னங்கால்களின் மீதே இறங்குகிறது. தோளிலிருந்து முன்னங்கால் முட்டிவரை ஓடும் நாண்களும், முட்டிக்குக் கீழே எலும்பை ஒட்டிச் சென்று குளம்புக்கு மேலுள்ள மூட்டைப் பின்னிருந்து தாங்கும் நார்களும், தசைகள் பெரிதாக உழைக்காமலே கால் மடங்காமல் இழுத்துப் பிடிக்கின்றன. பின்னங்காலில் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. தொடை எலும்பின் கீழ்முனையில் உட்புறமாகத் துருத்திய ஒரு மேடு உண்டு; குதிரை ஓய்வெடுக்க விரும்பும்போது முட்டிச் சிப்பியைச் சற்றே மேலிழுத்துத் திருப்பி, அதன் நாரை அந்த மேட்டின் மேல் மாட்டிக்கொள்கிறது. கதவில் தாழ்ப்பாள் விழுவதுபோல் முட்டி பூட்டிக்கொள்ள, முட்டிக்கும் அதன் கீழுள்ள மூட்டுக்கும் இடையே ஓடும் நாண்கள் இரண்டும் சேர்ந்தே மடங்கவும் சேர்ந்தே நீளவும் கட்டுப்படுத்துவதால், முழுக் காலும் ஒரே தூணாக நிற்கிறது. மற்றப் பின்னங்காலை அது தளர்த்திக் குளம்பின் நுனி மட்டும் தரையில் படும்படி ஊன்றிக்கொள்கிறது. சில நிமிடங்களுக்குப் பிறகு எடையைக் கால் மாற்றிக்கொள்கிறது. ஓய்ந்து நிற்கும் குதிரையின் இடுப்பு ஒருபுறம் சாய்ந்திருப்பதன் காரணம் இதுவே.

இத்தனை நுட்பமும் ஒரு கட்டத்தில் பயனற்றுப் போகிறது. தூக்கத்தில் கண்கள் மூடிய இமைகளுக்குள் விரைந்து அசையும் நிலை ஒன்று உண்டு என்பதை 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் வெளியிட்டனர். மனிதரிடம் தெளிவான கனவுகள் பெரும்பாலும் தோன்றும் இந்நிலையையே கனவுத் தூக்கம் என்கிறோம். அந்நிலையில் மூளை விழித்திருப்பதுபோல் சுறுசுறுப்பாக இயங்கினாலும், மூளைத்தண்டிலிருந்து செல்லும் கட்டளையால் உடலின் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடுகின்றன என்பதைச் சில ஆண்டுகளில் பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே பூனைகளிடம் ஆராய்ந்து விளக்கினார். தசை அடியோடு தளர்ந்தால் கழுத்தையும் தோளையும் நிறுத்திப் பிடிக்க எதுவும் எஞ்சாது. நார்களும் நாண்களும் தசையின் வேலையைக் குறைக்குமேயன்றி முழுவதுமாக ஏற்றுக்கொள்ளாது. ஆதலால் குதிரை கனவுத் தூக்கத்தை முழுமையாகப் பெறப் படுத்தாக வேண்டும். மார்பு தரையில் படியப் படுத்து முகவாயைத் தரையில் ஊன்றியோ, பக்கவாட்டில் முழுவதுமாகச் சாய்ந்தோ அது இத்தூக்கத்தை அடைகிறது. ஒவ்வொரு முறையும் அது சில நிமிடங்களே நீடிக்கும்.

படுப்பது குதிரைக்கு எளிய செயலன்று. ஐந்நூறு கிலோ எடையுள்ள உடல் பக்கவாட்டில் சாயும்போது கீழ்ப்புற நுரையீரல் அழுந்தி மூச்சு கடினமாகிறது. அதனால் வளர்ந்த குதிரை நெடுநேரம் அப்படிக் கிடப்பதில்லை. அதைவிடப் பெரிய தடை அச்சம். ஓட்டத்தையே தற்காப்பாகக் கொண்டு திறந்த புல்வெளியில் உருவான இந்த விலங்கு, படுத்த நிலையில் எதிரியிடம் மிக எளிதாக அகப்படும். மந்தையாக வாழும் குதிரைகளில் சில படுத்திருக்கும்போது குறைந்தது ஒன்றாவது நின்று காவல் காக்கும் வழக்கம் இதனால் எழுந்ததே. மந்தை முழுவதும் ஒரே நேரத்தில் படுத்துக் கிடப்பது மிக அரிது. சூழல் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை ஏற்படாதவரை குதிரை படுக்காது.

சில நாட்கள் படுக்காமல் போனாலும் குதிரை தாங்கிக்கொள்ளும். அதற்கு மேலும் நீடித்தால் மூளை தனக்குரிய கனவுத் தூக்கத்தை நின்ற நிலையிலேயே பறித்துக்கொள்ள முயல்கிறது. ஆள் நடமாட்டம் அடங்கி லாயம் அமைதியான நேரத்தில், தீனி தின்று முடித்த குதிரை அசையாமல் நிற்கிறது. கண்ணிமைகள் பாதி இறங்குகின்றன, கீழுதடு தொங்குகிறது, காதுகள் பக்கவாட்டில் சாய்கின்றன, தலை சிறிது சிறிதாகத் தாழ்ந்து முட்டியளவுக்கு வந்து, சில வேளை மூக்கு தரையையே தொடுகிறது. பிறகு உடல் முன்னும் பின்னுமாக மெல்ல ஆடுகிறது, முன்னங்கால் முட்டிகள் நடுங்கி மடங்குகின்றன, குளம்புக்கு மேலுள்ள மூட்டின் முன்புறம் தரையில் மோதுகிறது. அந்த மோதலில் குதிரை விழித்துத் தலையைத் தூக்கி இரண்டடி தடுமாறி நிற்கிறது. சில குதிரைகள் ஒரே இரவில் பலமுறை இவ்வாறு சரிகின்றன. முழுவதுமாகக் கீழே விழுபவையும் உண்டு. அவற்றுக்கு முட்டியிலும் முகத்திலும் உதட்டிலும் காயம்படுகிறது.

இரவில் நிகழும் இதை உரிமையாளர்கள் பெரும்பாலும் காண்பதில்லை. அவர்கள் காண்பது அடையாளத்தை மட்டுமே. குளம்புக்கு மேலே, காலின் முன்புறத்தில் மயிர் தேய்ந்து, புதிய சிராய்ப்பும் பழைய தழும்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தால் அது ஐயத்துக்குரியது. ஓட்டத்தில் இடறினாலும் அங்கே காயம் வரலாம் என்பதால், காயம் எப்போது புதிதாகிறது என்று பார்க்க வேண்டும். வேலையில்லாமல் லாயத்திலேயே நின்ற நாளுக்கு மறுநாள் காலையிலும் புண் புதிதாக இருந்தால், அது ஓட்டத்தில் வந்ததன்று. உடம்பில் ஒட்டாத வைக்கோலும் ஒரு சான்றுதான். இரவில் படுத்தெழுந்த குதிரையின் விலாவிலும் வாலிலும் பிடரியிலும் துரும்பு ஒட்டியிருக்கும், சாணக்கறை படிந்திருக்கும். நாள்தோறும் காலையில் மாசுமறுவற்று நிற்கும் குதிரையைச் சுத்தமான குதிரை என்று மெச்சுவது தவறான முடிவாகிவிடக்கூடும்.

இக்குறை நெடுங்காலம் நார்கோலெப்சி என்னும் தூக்க நோயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்பட்டது. நார்கோலெப்சி என்பது விழிப்பையும் தூக்கத்தையும் பிரித்துக் காக்கும் மூளை அமைப்பிலேயே ஏற்படும் கோளாறு; விழித்திருக்கும்போதே கனவுத் தூக்கத்துக்குரிய தசைத்தளர்ச்சி திடீரெனப் புகுந்துவிடும். 1999இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எமானுவேல் மின்யோ குழுவினர், இந்நோய் பரம்பரையாக வந்த டோபர்மன், லாப்ரடார் நாய்களில், விழிப்பைக் காக்கும் ஹைப்போக்ரெட்டின் என்னும் மூளைச் சுரப்பை ஏற்கும் புரதத்துக்குரிய மரபணு பழுதுபட்டிருப்பதைக் கண்டறிந்தனர். குதிரைகளிலும் இந்நோய் உண்டு என்றாலும் அரிது. ஷெட்லாந்து மட்டக்குதிரைகள், மிகச்சிறு இனக் குதிரைகள் போன்றவற்றின் குட்டிகளிடம் பிறந்த சிறிது காலத்திலேயே காணப்படும் வகை குடும்பவழி வருவதாகக் கருதப்படுகிறது. கழுத்தைத் தடவுதல், தீனி வைத்தல், தண்ணீர் பீய்ச்சிக் குளிப்பாட்டுதல், சேணவாரை இறுக்குதல் போன்ற செயல்கள் அந்நோயுள்ள குதிரையைச் சரித்துவிடலாம். அக்குதிரைகள் இரவில் வழக்கம்போல் படுத்துத் தூங்கவும் செய்யும். தூக்கக்குறையுள்ள குதிரையோ எவரும் தொடாமல், ஓய்ந்து நிற்கும் வேளையில்தான் சரிகிறது, இரவில் படுப்பதும் இல்லை. இந்த வேறுபாட்டை வலியுறுத்தி, நார்கோலெப்சி என்று முத்திரை குத்தப்பட்ட பல குதிரைகள் உண்மையில் படுத்துறங்கும் தூக்கத்தை இழந்தவையே என்று எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஜோசப் பெர்டோன். பின்னர் ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சரிந்து விழும் குதிரைகளின் மூளை மின்னலைகளை அவை வாழும் லாயங்களிலேயே இரவில் பதிவுசெய்து, இவ்வகைத் தூக்கக்குறையைத் தனியே ஆராய்ந்தனர். பெயரைச் சரியாக இடுவதில் குதிரையின் கதியே அடங்கியிருக்கிறது. மூளை நோய் என்று கைவிடப்படும் குதிரைக்குத் தேவைப்பட்டது, காலின் வலிக்கு மருந்தாகவோ படுக்க இடமாகவோ இருந்திருக்கலாம்.

காரணங்களில் வலிக்கு முதலிடம் தர வேண்டும். குதிரை படுக்கும்போது நான்கு கால்களையும் ஒன்றுகூட்டி, முன்னங்கால்களை மடக்கி, முன்னுடலை முதலில் இறக்குகிறது. எழும்போது மாட்டைப் போலப் பின்புறத்தை முதலில் தூக்காமல், முன்னங்கால்களை நீட்டி ஊன்றிக்கொண்டு பின்னங்கால்களால் ஒரே உந்தில் உடலைத் தள்ளி நிமிர்கிறது. முதுமையில் மூட்டுவாதம் கண்ட குதிரைக்கு இந்த உந்துதல் கொடிய வேதனை. ஒருமுறை எழ முடியாமல் தத்தளித்த பிறகு அது மீண்டும் படுக்கவே அஞ்சுகிறது. முதுகுவலி, வயிற்றுவலி, நெஞ்சுறை ஒட்டிக்கொள்வதால் விலாவில் எழும் வலி ஆகியவையும் இவ்வாறே தடுக்கின்றன. நடையில் நொண்டல் தெரியாததாலேயே வலி இல்லை என்று கொள்ளலாகாது.

அடுத்தது இடமும் படுக்கையும். எழும்போது தலையையும் கழுத்தையும் முன்னே வீச இடம் வேண்டும். குறுகிய கொட்டிலில் சுவரோடு சிக்கிக்கொள்ளும் அச்சமே குதிரையை நிற்க வைத்துவிடும். டென்மார்க்கில் நடந்த ஆய்வுகள், மரச்சீவலைவிட வைக்கோல் பரப்பிய தரையில் குதிரைகள் பக்கவாட்டில் சாய்ந்து கூடுதல் நேரம் படுப்பதையும், அகன்ற கொட்டிலில் படுக்கும் நேரம் கூடுவதையும் காட்டியிருக்கின்றன. வெறும் சிமெண்டுத் தரையின் மேல் மெல்லத் தூவிய வைக்கோல் குதிரைக்குப் படுக்கையாகாது. இரவு முழுவதும் எரியும் விளக்கு, அருகே ஓடும் ரயில், ஓயாத நாய்க்குரைப்பு, புதிய ஊர், புதிய லாயம் எல்லாமே தூக்கத்தைக் கெடுப்பவை; இடம் மாறிய குதிரை முதல் சில இரவுகள் படுக்காமல் நிற்பது இயல்பு, வாரக்கணக்கில் நிற்பதுதான் கவலைக்குரியது.

துணையைப் பற்றி வளர்ப்பவர்கள் போதிய அளவு எண்ணுவதில்லை. தனியாக வைக்கப்படும் குதிரைக்குக் காவல் நிற்க யாருமில்லை. ஆகவே அதுவே நாள் முழுவதும் தனக்குக் காவலாகிறது. இதற்கு நேர்மாறாக, மந்தையில் இருந்தும் தூங்காத குதிரை உண்டு: பிற குதிரைகளால் விரட்டப்பட்டு, நல்ல இடத்தில் நிற்கக்கூட விடப்படாத கடைநிலைக் குதிரைக்கும், எல்லாவற்றையும் கண்காணிக்கும் பொறுப்பைத் தன்மேல் ஏற்றிக்கொண்ட தலைமைக் குதிரைக்கும் ஒரே கேடு நேர்கிறது. உடன் வாழ்ந்த குதிரை இறந்த அல்லது விற்கப்பட்ட பிறகு இக்குறை தொடங்கினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஆகவே சரியும் குதிரைக்கு மருந்து தேடுவதற்கு முன் அதன் இரவைப் பார்க்க வேண்டும். லாயத்தில் ஒரு கேமராவைப் பொருத்திச் சில இரவுகள் தொடர்ந்து பதிவுசெய்தால், குதிரை படுக்கிறதா, படுக்க முயன்று கைவிடுகிறதா, சரிகிறதா என்பது தெரிந்துவிடும். படுக்க இடம் தேடிச் சுற்றி, தரையை முகர்ந்து, கால்களைக் கூட்டி, பிறகு மனம் மாறி நிற்கும் குதிரைக்கு வலி இருக்க வாய்ப்பு மிகுதி. அவ்வேளையில் கால்நடை மருத்துவர் சில நாட்களுக்கு வலிநிவாரணி கொடுத்துப் பார்ப்பார், குதிரை படுக்கத் தொடங்கினால் காரணம் வெளிப்பட்டுவிடும். படுக்கும் எண்ணமே காட்டாத குதிரைக்குத் துணையையும் இடத்தையும் மாற்றிப் பார்க்கலாம். அமைதியான ஒரு தோழமைக் குதிரையை அருகில் கட்டிய பிறகு சரிவது நின்ற குதிரைகள் உண்டு. இதய நோயும் வலிப்பும் இல்லை என்பதை மருத்துவர் உறுதிசெய்வதும் இன்றியமையாதது. சரியும் பழக்கமுள்ள குதிரையின் மேல், காரணம் தெரியும்வரை எவரும் ஏறலாகாது.

மெரினாவிலும் உதகையிலும் கொடைக்கானலிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்கும், திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும் குதிரைகளுக்கும் இதே உடலமைப்புதான், இதே தேவைதான். குட்டைக் கயிற்றில் கட்டப்பட்ட குதிரை எவ்வளவு களைத்திருந்தாலும் பக்கவாட்டில் சாய்ந்து படுக்க முடியாது. குதிரை வைத்திருப்பவர்கள் இரவில் அது கட்டின்றிப் படுத்துப் புரளும் அளவுக்கு இடமும், கனமாக வைக்கோலோ உமியோ பரப்பிய உலர்ந்த தரையும், அருகில் இன்னொரு குதிரையும் கிடைக்கச் செய்ய வேண்டும். சவாரிக்குப் போகிறவர்கள் ஏறுவதற்கு முன் குனிந்து அதன் முன்னங்கால்களைப் பாருங்கள். குளம்புக்கு மேலே முன்புறத்தில் ஆறாத புண் இருந்தால், இது இரவில் படுக்கிறதா என்று குதிரைக்காரரிடம் கேளுங்கள்.