அலமாரிக் கணக்கு – 7: சி.டி.க்குத் தன் பேர் தெரியாது

போன வாரம் புத்தகங்களோடு மல்லுக்கட்டிய கதையைச் சொன்னேன். இந்த வாரம் சி.டி.க்கள். பாலசமுத்திரத்தில் சித்தப்பா வீட்டு மர அலமாரியில் மூன்று அடுக்கு நிறைய இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். சித்தப்பா ஒரே நிபந்தனைதான் போட்டார். “எடுத்த எடத்துலயே திருப்பி வெச்சுரணும்டா.”

அதைக் கேட்டதும் பொருந்தல் நினைவுக்கு வந்தது. பக்கத்து ஊர்தான். அங்கே 2009, 2010-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் அகழாய்வு செய்தபோது, ஓர் ஈமக்குழியில் நெல் நிறைந்த பானையும், ‘வயர’ என்று பொறித்த பிரிமனையும் கிடைத்தன. நெல்லைச் சோதித்ததில் கி.மு. 490 என்று காலம் வந்தது. நெல்லும் எழுத்தும் ஒரே குழியில் கிடந்தன என்பதைக் குறித்து வைத்ததால்தான் நெல்லின் வயதைக் கொண்டு எழுத்தின் வயதைப் பேச முடிகிறது. நானும் முதல் சி.டி.யை உருவுவதற்கு முன்னால் எந்த அடுக்கு, இடமிருந்து எத்தனையாவது என்று இரண்டு கட்டம் போட்டுக்கொண்டேன். பட்டியல் போட நான் எடுத்த மென்பொருளில் அப்படிக் கட்டம் கிடையாது. நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் சி.டி.யைப் போட்டதும் படத்தின் பெயர், பாட்டுப் பெயர் எல்லாம் திரையில் வந்து விழுந்தன. சித்தப்பா மகள் அசந்துபோனாள். “உள்ளயே எழுதியிருக்காண்ணா?” இல்லை. 1982-இல் கடைக்கு வந்த நாளிலிருந்து பாட்டு சி.டி.க்குள் இருப்பது இசையும், எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற கணக்கும்தான். பெயரையும் உள்ளே எழுதும் வசதி 1996-இல் வந்தது. சித்தப்பாவின் அலமாரி அதைக் கண்டதில்லை.

அப்புறம் பெயர் எங்கிருந்து வருகிறது? அந்தத் தொடக்கக் கணக்கிலிருந்து. 1990-களில் டி கானும் ஸ்டீவ் ஷெர்ஃபும் உருவாக்கிய சி.டி.டி.பி. என்ற இணையப் பட்டியலின் வழி வேடிக்கையானது. ஒரு பாட்டு 274-ஆவது நொடியில் தொடங்கினால் 2, 7, 4-ஐக் கூட்டி 13. இப்படி எல்லாப் பாட்டுக்கும் கூட்டி, 255-ஆல் வகுத்து மீதியை எடுத்து, அதோடு மொத்த நீளம், பாட்டு எண்ணிக்கை இரண்டையும் சேர்த்தால் எட்டு இலக்கத்தில் ஓர் அடையாளம். அந்த அடையாளத்துக்கு எதிரே உலகில் யாராவது ஒரு புண்ணியவான் முன்பே உட்கார்ந்து பெயர்களைத் தட்டி வைத்திருந்தால், நமக்கு வரும். கூலியில்லாமல் ஆயிரக்கணக்கானோர் தட்டி வைத்த அந்தப் பட்டியல் கிரேஸ்நோட் என்ற கம்பெனியாகி, 2008-இல் சோனி அதை 26 கோடி டாலருக்கு வாங்கியது. தட்டியவர்களுக்கு ஒரு காசு வந்ததாகத் தெரியவில்லை. பொதுப் பட்டியல் கம்பெனிச் சொத்தான கோபத்தில் பிறந்த ஃப்ரீடிபி என்ற மாற்றுப் பட்டியல் 2020-இல் மூடப்பட்டது. மியூசிக்பிரெயின்ஸ் என்ற இன்னொரு பட்டியல் இன்னும் எல்லோருக்கும் பொதுவாக நடக்கிறது.

இரண்டு சி.டி.க்களுக்கு ஒரே அடையாளம் வந்துவிட்டால் ஆள்மாறாட்டமும் நடக்கும். சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாட்டுகளைப் போட்டால், ஏதோ ஜெர்மன் பேண்டு வாத்தியம் என்று வந்தது. சித்தப்பா சிரித்த சிரிப்பில் சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கையால் திருத்தப் போனேன். முதல் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டது மென்பொருள். சீர்காழி ஊர்ப் பெயர் என்று அதற்கு எப்படிப் புரியவைப்பது? டி.எம்.எஸ். இன்னும் சிக்கல். அவருடைய ‘டி’ துகுலுவா என்ற குடும்பப் பெயர். ‘எம்’ அப்பா மீனாட்சி ஐயங்கார். மென்பொருளின் சட்டப்படி அவரைத் ‘து’வில் தேட வேண்டும். யார் தேடுவார்கள்? சீர்காழியைச் ‘சீ’யிலும் டி.எம்.எஸ்.ஸை ‘டி’யிலும் வைத்தேன். சித்தப்பா கேட்பது அப்படித்தான். இளையராஜாவை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். அதைத் தமிழிலேயே ஒரே மாதிரி அடித்தேன். ஒரே சி.டி.யில் இரண்டு படப் பாட்டு இருந்தால் பட்டியலில் இரண்டு வரி, இடம் மட்டும் ஒன்று.

பழநி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய எம்.பி.3 சி.டி.க்களுக்கு இந்த நொடிக்கணக்கெல்லாம் உதவாது. அவற்றில் இருப்பவை வெறும் ஃபைல்கள். ஃபைல் பெயர்களை மட்டும் வாரி எடுத்து வைத்துக்கொள்ளும் மென்பொருள் போதும். பெயர் ‘டிராக் 01’ என்று இருந்தால் காதால் கேட்டுத்தான் எழுத வேண்டும். கேட்டோம். இரண்டு சாயங்காலம் போனது.

ஒரு சி.டி.யின் மேல்பக்கத்தில் சித்தப்பா பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தித் தேதி எழுதியிருந்தார். மூன்றாவது பாட்டு திக்கியது. கீழ்ப்பக்கம்தான் நாசூக்கானது என்று நினைத்து மேலே எழுதுகிறோம். ஆனால் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் மேல்பக்க வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. எழுதத்தான் வேண்டுமென்றால், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில் மென்மையான மார்க்கரால் எழுதலாம். ஆனாலும் அந்தத் தேதியைக் ‘குறிப்பு’ கட்டத்தில் ஏற்றிக்கொண்டேன். அவர் ரிடையரான நாள் அது.

இரண்டாம் அடுக்கில் ஓர் உறை லேசாக இருந்தது. திறந்தால் காலி. தள்ளி வைக்கப் போனேன்.

“அதையும் ஏத்திக்கோ. பால்காரர் வாங்கிட்டுப் போனாரு.”

“எப்போ சித்தப்பா?”

“செல்போன் வர்றதுக்கு முந்தி.”

ஏற்றினேன். அடுக்கு 2, எண் 17. உறை மட்டும்.